கார்ன் ஸ்நேக் வாங்கப் போறீங்களா? முதல்ல காலிப் பெட்டியை ஒரு மாசம் வளர்த்துப் பாருங்க!

ஜிலேபி செத்துப்போனது மே மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஜிலேபி என்பது என் நண்பன் வளர்த்த கார்ன் ஸ்நேக்கின் பெயர். ஆரஞ்சு நிறம். சுருண்டு படுத்தால் ஸ்வீட் கடைத் தட்டில் இருப்பது மாதிரியே இருக்கும், அதனால் அந்தப் பெயர். ஒன்றரை அடி நீளம், சுண்டுவிரல் கனம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போன நண்பன் ஞாயிறு ராத்திரி திரும்பி வந்து பெட்டியைத் திறந்திருக்கிறான். தண்ணீர்க் கிண்ணத்தை ஒட்டின மூலையில், ஹீட் மேட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய் அது கிடந்திருக்கிறது.

அந்த ஹீட் மேட், அவன் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

பாம்பு வளர்ப்பைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அதுதான். நான் ஹெர்பெட்டாலஜிஸ்ட் இல்லை, மீடியா ஸ்டடீஸ் படித்துவிட்டு டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் ஆள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்த ஒரு பாம்பைப் பற்றி நிறையப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது: நாங்கள் செய்த தப்பு சோம்பேறித்தனத்தால் வந்தது இல்லை. யூடியூப்பில் சொன்னதை அப்படியே செய்ததால் வந்தது.

'பிகினர் ஸ்நேக்'... எந்த ஊர் பிகினருக்கு?

கார்ன் ஸ்நேக் பற்றி எந்த வீடியோவைத் திறந்தாலும் முதல் நிமிஷத்திலேயே 'பெஸ்ட் பிகினர் ஸ்நேக்' என்று ஒரு வார்த்தை வந்துவிடும். பொய் இல்லை. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி, குறிப்பாக ஃப்ளோரிடா பக்கம்தான் இதற்குச் சொந்த ஊர். விஷம் கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்து அடி. நம்ம ஊர் சாரைப்பாம்பு இருக்கும் அதே பெரிய குடும்பத்தில்தான் இதையும் வைத்திருக்கிறார்கள். சோளம் சேமிக்கும் கிடங்குகளில் எலி பிடிக்கச் சுற்றியதால் இந்தப் பெயர் என்கிறார்கள். வயிற்றுப் பக்கம் இருக்கும் கட்டம் கட்டமான டிசைன் சோளக்கதிர் மாதிரி இருப்பதால் என்றும் சொல்கிறார்கள். சாதுவான சுபாவம், நன்றாகச் சாப்பிடும், சின்னச் சின்னத் தப்புகளைத் தாங்கும்.

சரி, ஆனால் 'சுலபம்' என்ற இந்தச் சான்றிதழை யார் கொடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ப்பவர்கள். அங்கே பெட் ஷாப்பில் உறைய வைத்த எலி பாக்கெட்டில் கிடைக்கும். பாம்பு பார்க்கும் டாக்டரைத் தேடிப்பிடிக்க முடியும். முக்கியமாக, அங்கே பல மாசங்களுக்கு வீட்டுக்குள் குளிர்தான் பிரச்சினை. ஆக, அந்த வீடியோக்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடும்: சூடு கொடு, சூடு கொடு, சூடு கொடு.

வேளச்சேரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஒரு வாடகை ரூமுக்கு இந்தச் சான்றிதழ் செல்லாது. இதை யாராவது தமிழில் சத்தமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பரில் சரி, மே மாசத்தில் தப்பு

நடந்தது இதுதான். நவம்பரில் ஜிலேபி வந்தது. மழைக்காலம், ரூம் கொஞ்சம் குளிராக இருந்தது. டிசம்பரில் ராத்திரி வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கினபோது அது சரியாகச் சாப்பிடவில்லை. "மச்சி, ஹீட் மேட் போடணுமாம்டா" என்றான். பிறந்தநாள் வேறு வந்தது, ஆர்டர் போட்டேன். பெட்டியின் ஒரு பக்கத்து அடியில் ஒட்டி, பிளக்கைச் சொருகினோம். அடுத்த வாரமே ஜிலேபி எலிக்குஞ்சை லபக்கென்று விழுங்கியது. எங்களுக்கு ஒரே பெருமை.

பிரச்சினை என்னவென்றால், அந்த பிளக்கை அதற்குப் பிறகு யாருமே பிடுங்கவில்லை.

பாம்பு தன் உடம்பு சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டும் என்றால் சூடான இடத்துக்குப் போகும், போதும் என்றால் குளிர்ந்த இடத்துக்கு நகரும். அதனால் பெட்டிக்குள் இரண்டு வெப்பநிலை இருக்க வேண்டும். ஒரு பக்கம் 28-லிருந்து 31 டிகிரி, இன்னொரு பக்கம் 22-லிருந்து 26 டிகிரி. சூடான பக்கம் இல்லை என்றால் சாப்பிட்டது செரிக்காது, வயிற்றிலேயே கெட்டு வாந்தியாக வெளியே வரும். குளிர்ந்த பக்கம் இல்லை என்றால் தப்பிக்க வழியே கிடையாது. இரண்டில் சீக்கிரம் கொல்வது இரண்டாவதுதான். குளிரில் பாம்பு மந்தமாகும், சாப்பிட மறுக்கும், கவனித்துச் சரிசெய்ய உங்களுக்கு நாள் கணக்கில் டைம் கிடைக்கும். 35 டிகிரிக்கு மேலே போய் அங்கேயே நின்றால் மணிக்கணக்குதான்.

ஜிலேபி போன மறுநாள் மதியம், மனசு கேட்காமல் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி காலிப் பெட்டிக்குள் வைத்தோம். மேட் ஆஃப் செய்த நிலையில் 36. ஆன் செய்தால் மேட் இருக்கும் பக்கம் 43. ஜன்னல் பூட்டின ரூம், கத்திரி வெயில், ஆள் இல்லாத இரண்டு நாள். அந்தத் தெர்மாமீட்டர் ஒரு பிரியாணி விலைகூட இல்லை. அதை ஆறு மாசம் முன்னாடி வாங்கியிருக்க வேண்டும்.

ஹீட் மேட் விற்கும்போதே கூடச் சேர்த்து விற்க வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது, தெர்மோஸ்டாட். மேட்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் இருக்கும், அதன் ஒயர் முனையை மேட்டின் மேல் வைத்துவிட்டால் நீங்கள் செட் செய்த டிகிரி வந்ததும் கரண்டை நிறுத்திவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டை வாங்கவே வாங்காதீர்கள். 'ஹீட் ராக்' என்று ஒரு செயற்கைக் கல் விற்கிறார்கள், அதைத் தொடவே வேண்டாம். பாம்பு அதன் மேலேயே சுருண்டு வயிற்றைப் பொசுக்கிக்கொள்ளும்.

ஆனால் தெர்மோஸ்டாட் பாதிப் பதில்தான். அது சூட்டை நிறுத்தும், குளிர்ச்சி தராது. சென்னை, மதுரை, திருச்சி, வேலூர் எங்கே இருந்தாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் உங்கள் உண்மையான வேலை பெட்டியைக் குளிர வைப்பது. இங்கே பலரும் நினைப்பது, 'ஃபேன் போட்டா போச்சு'. போகாது. ஃபேன் காற்று நமக்குச் சில்லென்று இருப்பதற்குக் காரணம் நம் உடம்பில் வியர்வை ஆவியாவது. பாம்புக்கு வியர்வை கிடையாது. 37 டிகிரி காற்றை வேகமாக அடித்தால் அதற்கு அது வேகமான 37 டிகிரி காற்று, அவ்வளவுதான்.

வீட்டிலேயே குளிர்ந்த ரூமில், தரையோடு தரையாக, வெயில் படாத சுவரோரம் பெட்டியை வைக்கலாம். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தை ஒட்டி வைத்து அவசரத்துக்குச் சமாளிக்கலாம். நிரந்தரத் தீர்வு என்றால் ஏசிதான். பகல் முழுக்க, நீங்கள் ஆபீஸில் இருக்கும்போதும். கரண்ட் போனால்? இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் ஓட்டும், பெரும்பாலான வீடுகளில் ஏசியை ஓட்டாது. இதையெல்லாம் யோசித்துவிட்டு 'பிகினர்' என்ற வார்த்தையை மறுபடியும் ஒரு தடவை படியுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் இந்தப் பகுதியைத் தலைகீழாகப் படிக்கவும். உங்களுக்கு அந்த வெள்ளைக்கார வீடியோக்கள் அப்படியே பொருந்தும்.

ஈரமும் அப்படித்தான்

கார்ன் ஸ்நேக்குக்கு 40-லிருந்து 60 சதவீதம் காற்று ஈரப்பதம் போதும். வீடியோவில் 'தினமும் தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க' என்பார்கள். ஹீட்டர் ஓடும் வறண்ட வீட்டில் அது சரி. கடற்கரை ஓரத்தில், காயப்போட்ட துணி ரெண்டு நாளாகியும் காயாத ஊரில் எதற்கு ஸ்ப்ரே? பெட்டி எப்போதும் நசநசவென்று இருந்தால் வயிற்றுச் செதில்களில் புண் வரும், சளி பிடிக்கும். ஆமாம், பாம்புக்கும் சளி பிடிக்கும். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கோரம் நுரை, 'ஙொய்' என்று சத்தம் இதெல்லாம் அறிகுறி. தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாத நோய் அது.

அடியில் விரிக்க என்ன போடுவது என்பதற்கும் இதே கணக்கு. அங்கே ஆஸ்பென் மரத்தூள். இங்கே நர்சரியில் கிடைக்கும் கோகோபீட் கட்டியைப் பலரும் போடுகிறார்கள். நன்றாகக் காயவைத்துப் போட்டால் பரவாயில்லை, ஈரத்தோடு போட்டால் அதுவே ஊறிக்கொண்டிருக்கும். தேவதாரு, பைன் மரத்தூள் வேண்டாம், அதிலிருக்கும் எண்ணெய் வாசனை பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது. மணலும் வேண்டாம். ஆரம்பத்துக்கு டிஷ்யூ பேப்பரோ பழைய நாளிதழோ அருமையாக வேலை செய்யும். அழுக்கானால் உடனே தெரியும், சுருட்டித் தூக்கிப் போடலாம். டிஜிட்டல் டெஸ்க்கில் இருந்துகொண்டு சொல்கிறேன், பிரிண்ட் எடிஷனுக்கு இன்னும் அவசியம் இருக்கிறது.

ஈரம் வேண்டியது ஒரே ஒரு சமயத்தில், சட்டை உரிக்கும்போது. கண் பால் படர்ந்த மாதிரி நீலமாக மங்கும், நிறம் வெளுக்கும். அப்போது ஒரு டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே ஈரத்துணி வைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஆரோக்கியமான பாம்பு, சட்டையை முழுசாக ஒரே துண்டாகக் கழற்றிவிடும். துண்டு துண்டாக வந்தால் ஏதோ சரியில்லை. வால் நுனியிலும் கண் மேலேயும் பழைய தோல் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், ஆனால் கண் மேல் ஒட்டினதை நகத்தால் எடுக்க முயற்சி செய்யாதீர்கள்.

இந்த நாட்களில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. தொட்டால் எரிச்சலாகும். தொடாதீர்கள். இந்தப் பாம்பைப் பற்றிய அறிவுரைகளில் பாதி இந்த ஒற்றை வார்த்தைதான். வாங்கி வந்த முதல் வாரம் தொடாதீர்கள், முதலில் சாப்பிடட்டும். சாப்பிட்ட பிறகு 48 மணி நேரம் தொடாதீர்கள், கக்கிவிடும். ஒளிந்திருந்தால் இழுக்காதீர்கள். உள்ளே ஒளிந்துகொள்ள சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று குறைந்தது இரண்டு இடம் வேண்டும். கடையில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து பிளாஸ்டிக் குகை வாங்க வேண்டாம், ஓரம் தேய்த்த உடைஞ்ச மண்சட்டி போதும். ஒரு இடம்தான் இருக்கிறது என்றால் பாம்பு பாதுகாப்பா, சரியான சூடா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதாகிவிடும். பெரும்பாலும் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்து, தப்பான சூட்டில் படுத்துக் கிடக்கும்.

ரீல்ஸில் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்கிறார்களே என்று கேட்பீர்கள். நாய் மாதிரி, பூனை மாதிரி அது உங்கள் மேல் பாசம் வைக்காது. வாரத்துக்குச் சில நாள், பத்துப் பதினைந்து நிமிஷம், அடியிலிருந்து தாங்கித் தூக்கிப் பழகினால், 'இந்த ஆள் என்னைத் தின்ன மாட்டான்' என்ற அளவுக்கு ஒத்துக்கொள்ளும். அதுவே பெரிய விஷயம் என்று தோன்றுகிறவர்களுக்குத்தான் இந்தப் பிராணி.

ஃப்ரீசரில் எலி வைக்க அம்மா சம்மதிப்பாங்களா?

பாம்பு பால் குடிக்காது. இதை நம்ம ஊரில் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டை, சிக்கன் பீஸ், பன்னீர் எதுவும் இல்லை. எலி. முழு எலி, எலும்பும் ஈரலும் சேர்த்து. அப்போதுதான் கால்சியம் உட்பட எல்லாம் கிடைக்கும். குட்டிக்கு ஐந்திலிருந்து ஏழு நாளுக்கு ஒரு தடவை, ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு. வளர்ந்த பாம்புக்கு பத்திலிருந்து பதினான்கு நாளுக்கு ஒரு எலி. பாம்பின் உடம்பில் அதிகக் கனமான இடத்தின் அளவோ, அதைவிட ஒன்றரை மடங்குக்குள்ளோ இரை இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த பாம்புக்கு வருஷத்துக்கு 26-லிருந்து 36 எலி. இந்தப் பாம்பு 15-லிருந்து 20 வருஷம் வாழும். இப்போது உங்களுக்கு 25 வயசு என்றால், உங்கள் கல்யாணம், வேலை மாற்றம், வெளிநாட்டு ஆஃபர், பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷன் எல்லாவற்றையும் தாண்டி, 40 வயசு வரைக்கும் எங்கிருந்தோ எலி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இங்கே உறைய வைத்த எலி தெருமுனைக் கடையில் கிடைக்காது. அதனால் பலர் உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிடுகிறார்கள். அது வீரம் இல்லை. மூலையில் மாட்டிக்கொண்ட எலி சும்மா இருக்காது, பாம்பைக் கடித்துக் குதறும். வீட்டில் பொறி வைத்துப் பிடித்த எலியைக் கொடுப்பது அதைவிட மோசம். பக்கத்து வீட்டில் எலி மருந்து வைத்திருந்தால் விஷம் நேராக உங்கள் பாம்புக்குப் போகும். கொன்று உறைய வைத்ததை ஃப்ரிட்ஜில் வைத்து உருக்கி, வெந்நீரில் கொஞ்சம் சூடாக்கி, நீளமான இடுக்கியால் கொடுப்பதுதான் முறை. மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஏன் என்று விளக்க விரும்பவில்லை, சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருக்கலாம்.

ஆக, ஃப்ரீசரில் ஒரு தனி டப்பா. என் நண்பனின் அம்மா ஒரு தடவை ஊரிலிருந்து வந்தபோது, மீன் பாக்கெட் என்று நினைத்து அதைத் திறந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத்தான் போன் வந்தது. "தம்பி, நீயாவது சொல்லு. இவன் என்னப்பா இதெல்லாம் வீட்ல வெச்சிருக்கான்?" எலிதான் என்று சொல்லத் தைரியம் இல்லாமல், 'சயின்ஸ் ப்ராஜெக்ட் மா' என்று உளறினேன். முப்பது வயசை நெருங்கும் ஐடி ஊழியனுக்கு என்ன சயின்ஸ் ப்ராஜெக்ட் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

வீட்டில் ஐந்து வயசுக்குள் குழந்தையோ, உடம்பு பலவீனமான பெரியவர்களோ இருந்தால் இதையும் யோசியுங்கள்: ஊர்வன பிராணிகளின் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அதன் கிண்ணத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. கஷ்டமான விதிகள் இல்லை, ஆனால் ஒரு நாள்கூட விடுமுறை இல்லாத விதிகள்.

வைஃபை ரவுட்டருக்குப் பின்னால் மூன்று நாள்

ஜிலேபி வந்த இரண்டாவது வாரத்தில் ஒரு தடவை காணாமல் போனது. குட்டி கார்ன் ஸ்நேக், பென்சில் நுழையும் சந்து இருந்தால் நுழைந்துவிடும். மூடியின் மேல் கனமான புத்தகம் வைத்தால் போதும் என்று நினைத்திருந்தோம். பூட்டு வேண்டும், கிளிப் வேண்டும். கல்லூரியில் வாங்கின மாஸ் கம்யூனிகேஷன் டெக்ஸ்ட் புக் எதற்குமே பயன்படவில்லை, இதற்கும் பயன்படவில்லை.

மூன்று நாள் கழித்து வைஃபை ரவுட்டருக்குப் பின்னால், கதகதப்பான இடத்தில் சுருண்டு கிடந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டோம். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அது வாசல் வழியாகக் கீழ் வீட்டுக்குப் போயிருந்தால்? சிவப்பும் ஆரஞ்சுமாக ஒரு பாம்பு, அதுவும் மிரண்டால் வாலைப் படபடவென்று ஆட்டும் பாம்பு, சமையலறையில் தெரிந்தால் 'இது அமெரிக்கப் பாம்பு, விஷம் இல்லை' என்று யார் நின்று யோசிப்பார்கள்? கட்டுவிரியன் என்று நினைத்து ஒன்றும் தெரியாத வெள்ளிக்கோல் வரையனையே அடித்துக் கொல்கிற ஊர் இது. அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. நிஜமாகவே பாம்புக்கடியால் ஆட்கள் சாகிற நாட்டில் பயப்படுவது நியாயம். வீட்டு ஓனரிடமும் கீழ் வீட்டுக்காரரிடமும் சொல்லாமல் பாம்பு வளர்ப்பது, அந்தப் பயத்தோடு அவர்கள் சம்மதம் இல்லாமல் விளையாடுவது. நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வளர்க்க முடியவில்லை, பக்கத்து ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். கேமன் தீவு, பஹாமாஸ் மாதிரி இடங்களில் இப்படி வெளியே வந்த கார்ன் ஸ்நேக்குகள் அங்கேயே பெருகி, உள்ளூர் பல்லிகளையும் பறவைகளையும் பதம் பார்க்கின்றன. ஆஸ்திரேலியாவில் இதை வளர்ப்பதே சட்டவிரோதம்.

பில் இருக்கா ப்ரோ?

எங்களுக்கு ஜிலேபி ஒரு ஆன்லைன் குரூப்பில் அறிமுகமான ஆளிடமிருந்து கிடைத்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், துணிப்பைக்குள் வைத்துக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் எதுக்கு ப்ரோ பில், லீகல் தான்" என்றார்.

பாதி உண்மை. சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு மாதிரி நம்ம நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. வெளிநாட்டுப் பிராணிகளில் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவற்றை, 2022-ல் திருத்தப்பட்ட சட்டமும் 2024-ல் வந்த விதிகளும் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கின்றன. பால் பைதான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கார்ன் ஸ்நேக் இல்லை. இந்த 'இல்லை'யை வைத்துக்கொண்டுதான் 'லீகல் ப்ரோ' ஓடுகிறது.

ஆனால் இந்தப் பாம்பு இங்கே எப்படி வந்தது? வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பிராணியைக் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் நோய்ப் பரிசோதனையும் வேண்டும். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுத்துக்கொள்ளாத பெட்டிகளுக்குள் பால் பைதான்களோடு கார்ன் ஸ்நேக்குகளும் சிக்கின. அந்தச் செய்தியைப் படிக்கும்போது, சிக்காத பெட்டிகள் எங்கே போயிருக்கும் என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது. எங்கள் துணிப்பையும் அப்படி ஒரு பெட்டியிலிருந்து வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். எங்களிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை, அதனால் எங்களுக்குத் தெரியவே போவதில்லை. இங்கேயே வளர்ந்த பாம்பின் குட்டி என்று விற்பவர் சொன்னால், தாய்ப் பாம்பைக் காட்டச் சொல்லுங்கள், அதன் பேப்பரைக் கேளுங்கள், விற்பவரின் பெயரும் முகவரியும் இருக்கும் பில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இழுக்கிற ஆளிடம் வாங்க வேண்டாம்.

கூடவே இன்னொரு போன் கால்: உங்கள் ஊர் கால்நடை மருத்துவர்களைக் கூப்பிட்டு, 'பாம்பு பார்ப்பீங்களா சார்?' என்று கேளுங்கள். நாய், பூனை, ஆடு, மாடு பார்க்கும் பலர் பாம்பு பார்ப்பதில்லை. பார்ப்பேன் என்று சொல்லும் ஒருவர் கிடைக்கும் வரை பாம்பு வாங்காதீர்கள்.

அப்போ வளர்க்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெட்டி முன்னால் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து, ஜிலேபி முதல் தடவை சட்டை உரித்ததைப் பார்த்தவன் நான். மூக்கு நுனியைக் கல்லில் உரசி, உரசி, சாக்ஸைக் கழற்றுகிற மாதிரி உள்பக்கம் வெளியே வரத் தன்னைத்தானே உருவிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து வந்த ஆரஞ்சு, அதற்கு முன் நான் பார்த்த ஆரஞ்சே இல்லை. பாம்பு என்றாலே ஸ்க்ரீனைத் தள்ளி வைக்கும் என் நண்பனின் அம்மா, ஃப்ரீசர் சம்பவத்துக்கு அப்புறமும், அது செத்துப்போனதைக் கேட்டு "பாவம்பா, குட்டி" என்றார். ஒரு பாம்புக்கு நம்ம வீடுகளில் கிடைக்காத வார்த்தை அது.

பார்க்கிற ஆசைதான் என்றால் கிண்டியில் 1972-லிருந்து பாம்புப் பண்ணை இருக்கிறது, டிக்கெட் எடுத்துப் போய் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள். வளர்த்தே ஆக வேண்டும் என்றால் என் யோசனை இது: பாம்பைக் கடைசியாக வாங்குங்கள்.

முதலில் பெட்டி. வளர்ந்த பாம்புக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம் இருக்கட்டும். குட்டிக்குச் சின்னது போதும் என்பார்கள், சரி, ஆனால் பெரியதை வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே அளந்துவிடுங்கள். பூட்டு. இரண்டு மண்சட்டி. தண்ணீர்க் கிண்ணம். இரண்டு முனையிலும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். தேவையென்றால் மேட், தெர்மோஸ்டாட்டோடு. பாம்பு மட்டும் இல்லை. இந்தக் காலிப் பெட்டியை மே மாசம் முழுக்க வளர்த்துப் பாருங்கள். காலை, மதியம், ராத்திரி இரண்டு பக்க டிகிரியையும் எழுதி வையுங்கள். மதியம் நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள், அதிகபட்ச டிகிரியை நினைவில் வைத்திருக்கும் தெர்மாமீட்டர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஒரு வீக்எண்டு ஊருக்குப் போய்விட்டு வந்து பாருங்கள். கரண்ட் போன அன்றைக்கு என்ன ஆனது என்று பாருங்கள். பத்து நாளுக்கு ஒரு தடவை, எலி கொடுக்க வேண்டிய நாள் என்று காலண்டரில் குறித்து, அன்றைக்கு ஒரு எலி எங்கிருந்து வந்திருக்கும் என்று நிஜமாகத் தேடிப் பாருங்கள். குளிர்ந்த பக்கம் 28-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால், உங்கள் ரூம் இந்தப் பாம்புக்கு ஆகாது. உங்கள் மேல் தப்பு இல்லை, ரூம் அப்படி.

இது போரடிக்கும். பத்தாவது நாளே போரடித்தால், நல்லது, ஒரு உயிர் தப்பித்தது.

என் நண்பன் இந்த வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். அதே வேளச்சேரி ரூம், அதே பெட்டி, புதுப் பூட்டு, இரண்டு தெர்மாமீட்டர். மேட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான், என் மேஜை டிராயரில் கிடக்கிறது. தினமும் மதியம் பக்கத்து ரூம் பையனை விட்டு போட்டோ எடுக்கச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு செய்கிறான். நேற்று குளிர்ந்த பக்கம் 34.6. கீழே ஒரு வரி: "இந்த ரூம்ல முடியாது மச்சி. கீழ் வீடு காலியாகுதாம், ஓனர்கிட்ட பேசப் போறேன். இந்தத் தடவை பாம்புன்னு சொல்லியே கேக்குறேன்."